பேஸ் கிட்டார் வாங்கச் சென்னைக்குப் போன கதை

எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் வாசிப்பவன் நான். திருச்சி வெயிலில் பல வருடம் உழைத்த என் பழைய பேஸின் கழுத்து போன கோடையில் முன்பக்கமாக வளைந்துவிட்டது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகளில் பன்னிரண்டாவதில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே பென்சிலை நுழைக்கலாம். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகினால் நிமிரும் என்பது பொதுவிதி. என்னுடையதில் மரை கடைசிவரை இறுகி நின்றுவிட்டது. பாலக்கரையில் வாத்தியங்கள் பழுது பார்க்கும் பெரியவர் அதைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து நீளவாக்கில் பார்த்தார். "கழுத்தை மாற்றலாம் தம்பி. அந்தச் செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வந்துவிடும்" என்றார்.

என்ன வாங்குவது என்பதில் குழப்பமில்லை. நான்கு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்), பேட்டரி கேட்காத பேஸிவ் வகை, விலை 30,000 ரூபாய்க்குள். ஆர்கன் வாசிக்கும் அண்ணன்தான் ஐந்து கம்பி வாங்கச் சொல்லி விடாப்பிடியாக நின்றார். "கீர்த்தனைகளில் பாதியை டி-யிலும் ஈ ஃப்ளாட்டிலும் பாடுகிறோம். உன் நான்கு கம்பியில் அந்தக் கீழ் ஸ்வரம் ஏது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான்கு கம்பி பேஸின் அடிக்கம்பி ஈ, அதாவது சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவது கம்பி சேர்ந்தால் 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம். ஆனால் எங்கள் ஆலயச் சுவரில் தொங்கும் ஒலிபெருக்கிகள் பிரசங்கம் தெளிவாகக் கேட்பதற்கென்று வாங்கப்பட்டவை. 41 ஹெர்ட்ஸுக்கே திணறுகிறவற்றிடம் 31-ஐக் கொடுத்து என்ன பயன்? அண்ணனுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை.

எங்கே வாங்குவது என்பதுதான் பெரிய பாடாகிவிட்டது.

இணையக் கடைகளில் விலை குறைவு, தவணையும் உண்டு. வீட்டில் மகன் நான் யோசித்த மாடல்களின் விமர்சனக் காணொளிகளையெல்லாம் கைப்பேசியில் ஓடவிட்டான். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. மேலே உள்ள துணைச் சுரங்கள்தான் காதில் விழுகின்றன, அடி ஸ்வரத்தை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. இளையராஜாவின் பாடல்களைச் சின்ன டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அவற்றின் பேஸ் வரிகள் மனப்பாடம் என்றால், அதில் இந்த ஊகத்துக்கும் பங்குண்டு. பாட்டு ரசிக்க அது போதும். காசு கொடுத்து வாங்கப் போதாது.

பழைய பேஸ் வாங்கும் எண்ணத்தைப் பெரியவரே வெட்டிவிட்டார். அதன் ட்ரஸ் ராடில் எவ்வளவு திருகல் மிச்சமிருக்கிறது என்று விற்பவர் சொல்லப் போவதில்லையாம்.

சிங்கப்பூரிலிருந்து மச்சான் ஃபோன் செய்தார். அங்கே பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார் கடைகள் வரிசையாக இருக்கின்றன, தேர்வும் அதிகம். திருச்சிக்கு நேரடி விமானமும் இருப்பதால் தானே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அவர் மனது பெரியது. ஆனால் மச்சானுக்கு வாசிக்கத் தெரியாது, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வருவார். மேலும் நாலடி நீளப் பொருளை மென்துணிப் பையில் போட்டு விமானத்தின் சரக்கறைக்கு அனுப்ப எனக்குத் தைரியமில்லை. தலைப்பகுதி பெட்டிகளுக்கு அடியில் சிக்கினால் கழுத்தோடு போகும். கெட்டிப் பெட்டியின் விலையைச் சேர்த்தால் மிச்சம் பிடித்தது அதிலேயே கரைந்துவிடும்.

ஆகவே சென்னை. அண்ணா சாலையில் இறங்கினால் என் கால்கள் தாமாக மியூசி மியூசிகல் பக்கம் திரும்பும். 1842-இல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கிய கடை அது. அக்காவின் டிரினிட்டி பியானோ தேர்வுக்காகச் சின்ன வயதில் அப்பா எங்களை அங்கே அழைத்துப் போனதுண்டு. இந்த முறையும் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் சுற்றினேன். வாங்கியது வேறொரு சிறிய கடையில். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும்.

அந்தக் கடையில் என்னை நிறுத்தியது ஒரே காரியம்: நான் கேட்ட மாடலில் இரண்டு கைவசம் இருந்தன, இரண்டையும் ஆம்பில் இணைத்து வாசிக்க விட்டார்கள். "அவசரமில்லை சார்" என்று ஒரு ஸ்டூலையும் போட்டுவிட்டுப் பையன் நகர்ந்துவிட்டான்.

1951-இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த முதல் பேஸுக்கு பிரிசிஷன் என்று பெயர் வைக்கக் காரணம் ஃப்ரெட்டுகள்தான். நின்று வாசிக்கும் டபுள் பேஸில் விரல் மயிரிழை தள்ளினாலும் ஸ்வரம் தப்பும், இதில் தப்பாது. ஆகவே பேஸைச் சோதிப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை ஃப்ரெட் ஃப்ரெட்டாகப் போவதுதான். அடிக்கம்பியில் தொடங்கி ஒவ்வொன்றாக அழுத்தி, ஒலி தானாக ஓயும்வரை காத்திருந்தேன். வேகமாக எதையாவது வாசித்துக் காட்டினால் கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், கிட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியவராது.

இரண்டும் ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே விலை. முதலாவதில் ஜி கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் கை வைத்தேன். நான்காவதும் ஏழாவதும் நீளமாக நின்று ஒலித்தன. இது மட்டும் ஈரச் சாக்கில் கல் விழுந்தாற்போல 'தொப்' என்று அடங்கியது. டெட் ஸ்பாட் என்பார்கள். கழுத்து மரத்துக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. கம்பியின் ஸ்வரம் அதோடு ஒத்துப்போனால் கம்பியின் அதிர்வைக் கழுத்து உறிஞ்சிக்கொள்ளும். திருகியோ கம்பியை மாற்றியோ இதை அடியோடு போக்க முடியாது. இந்த வகைக் கழுத்துகளில் ஜி கம்பியின் ஐந்திலிருந்து ஏழு ஃப்ரெட்டுக்குள்தான் இது பெரும்பாலும் ஒளிந்திருக்கும். இரண்டாவது பேஸில் அதே இடத்தை அழுத்தினேன். ஸ்வரம் சன்னமாகத் தேய்ந்தது, ஆனால் தன் காலம் முழுவதும் நின்றது. இணையத்தில் வாங்கியிருந்தால் இரண்டில் எது பெட்டியில் வந்திருக்கும் என்பது கிடங்கில் பெட்டி எடுக்கிறவரின் கையில்.

பக்கத்தில் கழுத்து மெலிந்த ஜாஸ் வகை ஒன்றும் தொங்கியது. கழுத்தின் தலைப்பக்க நுனியில், நட்டில், 38 மில்லிமீட்டர்தான் அகலம், என் குட்டை விரல்களுக்கு ஏற்றது. எடுத்துப் பார்த்தேன், விலைச்சீட்டையும் பார்த்தேன், திரும்ப மாட்டிவிட்டேன்.

இணைய விலையைச் சொல்லிக் கேட்டதற்கு முதலாளி முழுதாக இறங்கி வரவில்லை. அதற்குப் பதில் கம்பி உயரத்தை என் எதிரிலேயே குறைத்துத் தந்தார், ஆக்டேவ் சுருதி பிசகாமல் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜையும் சரிசெய்தார். தடிமனான பை இனாம். கூடக் கொடுத்தது 1,500 ரூபாய் இருக்கும். அந்த வேலைக்கு அது தகும்.

பல்லவன் ரயிலில் மேல்தட்டில் அது கொள்ளவில்லை. திருச்சிவரை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். எதிர் இருக்கை அம்மா வீணையா என்று கேட்டார். வீட்டில் சில வாரம் இருந்தபின் கழுத்து திருச்சிக் காற்றுக்குப் பழகி லேசாக அசைந்தது. பாலக்கரைப் பெரியவர் கால் திருகு திருகினார், சரியாகிவிட்டது. ட்ரஸ் ராடில் இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது என்றார்.

எனக்கு வேண்டிய வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி நான் கேட்ட கடைகளில் இருப்பில் இல்லை. அதை மட்டும் இணையத்தில் வரவழைத்தேன். கம்பியை வாசித்துப் பார்த்து வாங்க வேண்டியதில்லையே.