மாமாவின் கடையும் நான்கு கமராக்களும்

திருகோணமலையில் கோட்டை வாசலுக்குக் கிட்ட மாமா ஒரு சின்ன ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். போன மாரியில் பின்பக்கக் கொட்டிலில் இருந்த இரண்டு கிரைண்டரும் ஒரு ட்ரில்லும் களவு போயின. அவர் நெட்வேர்க் வழியாகப் படம் அனுப்பும் ஐபி கமராக்கள் நான்கை வாங்கிப் பூட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மருமகன், மாசா மாசம் காசு கட்டுற சோலி எனக்கு வேண்டாம். சும்மா கிடக்கிற கொம்பியூட்டரில ஏதும் செய்ய ஏலாதா?"

நான் ஸோன்மைண்டரைத் தேர்ந்தெடுத்தேன். கமராப் படங்களைக் கணினியில் பார்க்கவும் பதியவும் உதவும், லினக்ஸில் ஓடும் திறந்த மூல மென்பொருள் அது, உரிமக் கட்டணம் இல்லை. இதை முதலில் எழுதிய பிலிப் கூம்ப்ஸும் தன் கராஜில் இருந்த மின்கருவிகள் களவு போன பிறகுதான் எழுதினாராம். மாமாவிடம் சொன்னேன். "அவனுக்கும் கிரைண்டரா?" என்று கேட்டார்.

கணினியில் நினைவகம் 4 ஜிபிதான். லினக்ஸ் வகையான உபுண்டு சேர்வர் 22.04 போட்டு, வெப் சேர்வரான அப்பாச்சி, தரவுத்தளமான மரியாடிபி, வலைப்பக்க மொழியான பிஎச்பி, அதன் மேல் ஸோன்மைண்டர் 1.36. அப்பாச்சியில் சிஜிஐ, ரீரைட் என்ற இரண்டு துணைப் பகுதிகளையும் இயக்கிவிட்டதும் உலாவியில் பக்கம் திறந்தது. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஆனால் கடவுச்சொல் எதுவும் கேட்காமலே திறந்தது! நிறுவியவுடன் அது அப்படித்தான் இருக்கும். ஒப்ஷன்ஸில் போய் நாமே உள்நுழைவை இயக்கி, 'அட்மின்' என்ற கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். கமரா சேர்க்கும் முன்னரே அதைச் செய்துவிட்டேன்.

முதல் கமரா படம் தரவில்லை. முகவரி சரி, கமரா வீடியோ அனுப்பும் முறையான ஆர்டிஎஸ்பிக்குரிய போர்ட் 554 சரி. ஒரு மணித்தியாலம் கேபிளைக் கழற்றிக் கழற்றிப் போட்டேன். கடைசியில் பார்த்தால் மாமா வைத்த கடவுச்சொல்லில் @ இருக்கிறது. ஆர்டிஎஸ்பி முகவரியில் கடவுச்சொல் முடிந்து கமராவின் விலாசம் தொடங்கும் இடத்தைக் காட்டுவதே அந்தக் குறிதான். அதற்குப் பதிலாக, முகவரிகளில் @ஐக் குறிக்கும் %40 என்று எழுதியதும் கடை வாசல் திரையில் வந்தது.

இரண்டாவதும் வந்தது. மூன்றாவதைச் சேர்த்தேன், வரவில்லை. இதில்தான் ஒரு நாள் முழுக்கப் போனது. பிழை என்னுடையது. ஏதோ பழைய வழிகாட்டி ஒன்றைப் பார்த்து, எத்தனை படங்களை நினைவகத்தில் வைத்திருப்பது என்று சொல்லும் இமேஜ் பஃபர் என்ற இடத்தில் 100 என்று போட்டிருந்தேன். கமரா சுருக்கி அனுப்பும் படத்தை ஸோன்மைண்டர் விரித்து, பல நிரல்கள் சேர்ந்து பாவிக்கும் பகிர்வு நினைவகத்தில் வைக்கிறது. 1920க்கு 1080 அளவுள்ள ஒரு படம், ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம், 8.3 எம்பி வரும். நூறு படத்துக்கு 830 எம்பி. லினக்ஸ் அந்த நினைவகத்துக்கு வழமையாக ஒதுக்குவது மொத்தத்தில் பாதி, அதாவது எங்களுக்கு 2 ஜிபி. இரண்டு கமரா அடங்கும், மூன்றாவதுக்கு இடமில்லை. 100ஐ 3 ஆக்கினேன். நான்கும் எழும்பின.

பதிவுகளில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நின்றது, மத்தியானம் 2.10க்கு வந்த ஆளைக் காலை 8.40 என்று காட்டியது. சேர்வரின் நேர வலயத்தையும் பிஎச்பி அமைப்பில் உள்ளதையும் ஏசியா/கொழும்பு என்று மாற்றினால் சரி. பதிவுகளைத் தனி ஹாட்டிஸ்குக்கு மாற்றியபோது அந்தக் கோப்புறையை வெப் சேர்வரின் பயனருக்கு உரிமையாக்க மறந்து, ஓர் இரவுப் பதிவை இழந்தேன். நிரம்பினால் பழையதை அழிக்கும் ஃபில்டர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. வட்டு 95 வீதம் நிரம்பியதும் அது வேலை செய்யும்.

அசைவைக் கண்டால் மட்டும் பதியும் 'மோடெக்ட்' முறையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். விடிய வந்து பார்த்தால் இருநூறுக்கு மேல் பதிவுகள். கள்ளன் ஒருவனும் இல்லை. பாதி, கடற்காற்றுக்கு ஆடிய தென்னோலை. மற்றப் பாதி மான்கள். திருகோணமலை டவுனில் மான் மாடு மாதிரித் திரியும் என்பது தெரிந்ததுதானே. ஒன்று கடை வாசலில் படுத்து அசைபோட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. தலை ஆடும் ஒவ்வொரு முறையும் ஒரு பதிவு.

படத்தில் எந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும் என்று கோடு கீறிக் காட்டலாம். ஓலை தெரியும் மேல்பக்கத்தை விட்டுவிட்டு, கதவும் கொட்டிலும் மட்டும் வருமாறு பல்கோணம் கீறினேன். அசைவாக எடுத்துக்கொள்ளும் குறைந்தபட்சப் பரப்பையும் கொஞ்சம் கூட்டினேன். ஓர் இரவுக்கு இப்போது பத்துப் பன்னிரண்டுதான். மானை முற்றாகத் தவிர்க்க முடியவில்லை. ஆளின் அளவில் நிற்கிற மானை இந்த முறைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

மாமா போனில் பார்க்கவும் கேட்டார். வெளியாரும் நுழையக்கூடியபடி ரவுட்டரில் போர்ட் திறந்துவிட எனக்கு மனமில்லை. வயர்கார்ட் என்ற விபிஎன், அதாவது போனுக்கும் கடைக்கும் இடையில் மறையாக்கிய தனிவழி, போட்டுக் கொடுத்தேன்.

கொட்டில் பக்கக் கமராவில் மட்டும் இரவில் வெள்ளையாக ஏதோ ஆடிக்கொண்டே இருந்தது. மென்பொருளில் என்னென்னவோ மாற்றிப் பார்த்தேன். ஏணி வைத்து ஏறினால், கண்ணாடிக்கு முன்னால் சிலந்தி வலை. அகச்சிவப்பு வெளிச்சத்தில் மின்னியிருக்கிறது. இப்போது கடை பூட்டும் முன் மாமா தும்புத்தடியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறார்.