பவுசர் ஓடிய கணக்கு

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால், கூடப் படித்த நண்பன் ஒருவன் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்து, “மச்சான், இதில ஒரு கையெழுத்து வை” என்றான். எங்கள் பிரதேச சபைக்குப் போகிற தகவல் அறியும் உரிமை விண்ணப்பம். அவன் ஒரு கட்சிக்காக ஓடித்திரிகிறவன், அவன் பெயரில் போனால் ஏன் கேட்கிறான் என்று சபையில் எல்லாருக்கும் விளங்கிவிடும், என் பெயரில் போனால் ஊர்ச்சனம் கேட்டது மாதிரி இருக்கும். சரி என்று வைத்துக் கொடுத்தேன்.

கேட்டது, 2018 தேர்தலில் வந்து 2023 மார்ச்சோடு காலம் முடிந்த பழைய சபையின் பவுசர், அதாவது தண்ணீர் கொண்டுபோகிற லொறி, ஓடிய கணக்கு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் ஆடி, ஆவணி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது ஏன் பெரிய விசயம் என்று சொல்லத் தேவையில்லை. கிணறு அடிமண் காட்டும், சபையின் பவுசர் வந்து வீதியோரத் தாங்கியை நிரப்பினால்தான் அன்றைக்கு உலை வைக்கலாம். எந்தத் தெருவுக்குப் பவுசர் எத்தனை தடவை போனது என்பதை வைத்தே வாக்கு விழும்.

36 தாள் கிடைத்தது. முதல் நாலும் இலவசம், மிச்சத்துக்குப் பக்கம் 2 ரூபாய்ப்படி 64 ரூபாய் கட்டினேன். திகதி, நேரம், மீற்றர், இடம், கடைசியில் ‘தேவை’ என்று ஒரு நிரல். அதில் ஒரு தாளில் மட்டும் ஒரே குறுக்குத்தெருவுக்கு ஒன்பது நாளில் ஒன்பது ஓட்டம். பழைய உறுப்பினர் ஒருவரின் வீடு அந்தத் தெருவில்தான். கடைசி நிரலில் நீலப் பேனாவால் சாரதி எழுதியிருந்தார்: மரண வீடு, மரண வீடு, பொதுத்தாங்கி, எட்டுச்செலவு (செத்தவருக்கு எட்டாம் நாள் செய்கிற சடங்கு).

நண்பன் முகநூலில் போட்ட படத்தில் அந்தக் கடைசி நிரல் இல்லை. வெட்டிவிட்டான். இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கீழே சாரதியின் பெயரும் கையெழுத்தும் அப்படியே. இரண்டு நாளில் ஊர் வட்ஸ்அப் குழு முழுக்க அதுதான் ஓடியது. பழைய உறுப்பினர் அரசியல்வாதி, மேடையில் பதில் சொல்லிவிட்டுப் போனார். சாரதியின் மகளிடம் ரியூசன் வகுப்பில் “உங்கட அப்பாவா தண்ணி வித்தது?” என்று கேட்டிருக்கிறார்கள்.

அதோடு மற்றப் பக்கமும் தொடங்கியது. இந்தக் கட்சிக்காரருக்கு யார் கடை அனுமதி கொடுத்தது, யாருடைய மதிலுக்கு அனுமதி இல்லை என்று ஒன்றன்மேல் ஒன்றாக விண்ணப்பங்கள். சபையில் தகவல் அலுவலர் என்று தனியாக ஒருவரா இருக்கிறார்? வரி வேலையும் அனுமதி வேலையும் பார்க்கிற அதே அக்காதான் 14 வேலை நாளுக்குள் இவற்றுக்கும் முடிவு சொல்ல வேண்டும்.

இதைச் சொன்னதும் சிலர், காரணம் கேட்டுவிட்டுத்தான் தகவல் கொடுக்க வேண்டும், சட்டத்தை இறுக்க வேண்டும் என்கிறார்கள். அது மட்டும் கூடவே கூடாது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், கேட்கிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று தெளிவாக இருக்கிறது, அதன் உயிரே அதில்தான் இருக்கிறது. வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் ஏன் விடுபட்டது என்று ஒரு கைம்பெண் கேட்கும்போது “உனக்கு எதற்கு?” என்று திருப்பிக் கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை. அவளுக்கு இருக்கிற ஒரே கதவு அது.

ஆனால் அந்தக் கதவில்தான் நாங்கள் கல்லெறிந்தோம். தேர்தல் முடிந்து பெரியம்மாவின் வளவுக்குப் பக்கத்து ஒழுங்கை சபையின் பதிவில் எத்தனை அடி என்று கேட்டுப் போனபோது, அந்த அக்கா தாளை வாங்காமல் என் முகத்தைப் பார்த்து, “இது ஆருக்குத் தம்பி?” என்றா. சட்டப்படி கேட்கக்கூடாத கேள்விதான், மேன்முறையீட்டுக்கே போகலாம். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கேள்வியை அவவுக்குப் பழக்கியது என் கையெழுத்து.

பிறகு முழுத்தாளையும் சாரதியின் பெயரை மறைத்து நானே போட்டேன். வெட்டிய படத்தைப் பார்த்தவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். சாரதி அண்ணனின் வீட்டுக்கும் போனேன். கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி வந்தது, ஏசவில்லை. “செத்த வீட்டுக்குத் தண்ணி குடுத்ததுக்கும் கணக்குக் கேட்டுட்டீங்களே தம்பி” என்றார், அவ்வளவுதான்.

ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்ளூர் நிதித் திட்டம் என்றால், தொடங்க மூன்று மாதம் முன்னமே யாரும் கேட்காமல் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் அமைச்சருக்குச் சொல்கிறது. பவுசர் கணக்கு அவ்வளவு பெரிய காசு இல்லைதான். என்றாலும் அதையும் எல்லா நிரலோடும் மாதா மாதம் சபையின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள், சாரதிகளின் பெயர் வேண்டாம், என்று தவிசாளருக்குக் கடிதம் எழுதிப் பதிவுத்தபாலில் போட்டிருக்கிறேன். என் பெயரில்தான், இந்த முறை வேறு ஒருவருக்காகவும் இல்லை. பதில் இன்னும் வரவில்லை.