செவ்வாய்க்கிழமை வயித்துக்குத்து

எங்கட பள்ளிக்கூடத்து முதலுதவி அறையில ஒரு சீஆர் கொப்பி கிடக்கு. நீல மட்டை, ஓரம் கிழிஞ்சு ரேப் ஒட்டினது. திகதி, நேரம், பேர், வகுப்பு, என்ன வருத்தம், என்ன செய்தது எண்டு கோடு போட்டு வைச்சிருக்கினம், சுகாதாரக் கழகத்துப் பிள்ளையள்தான் அதை எழுதுறவை. தலையிடி, தண்ணி குடுத்துப் படுக்க விட்டது. வயித்துக்குத்து, கோல் எடுத்து அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனவ. தலைச்சுத்து, காலமை சாப்பிடேல்லயாம், பிஸ்கட் குடுத்தது. பக்கம் பக்கமா இதுதான்.

நான் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரா இங்க வந்து முதல் ரெண்டு வருசமும் அந்தக் கொப்பியைத் திறந்தே பாக்கேல்ல. எனக்கெண்டு மாடியில ஒரு சின்ன அறை தந்திருந்தவை, கதவில "உளவளத்துணை" எண்டு அச்சடிச்சு ஒட்டி, உள்ளுக்க ரெண்டு கதிரை, ஒரு மேசை, ஒரு பூச்சாடி. பிள்ளையள் வருவினம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். வந்ததெல்லாம் ரீச்சர்மார் பிடிச்சு அனுப்பின பிள்ளையள்தான், முடி வெட்டாமல் வந்தவன், போன் கொண்டுவந்து பிடிபட்டவன், வகுப்பில அடிபட்டவன். அதால என்ர அறைக்கு ஏறிப்போற ஆளைக் கண்டாலே "என்னடா செய்தனீ" எண்டு மற்றப் பிள்ளையள் கேப்பினம். அப்பிடிப்பட்ட அறைக்கு ஆர் தானா வருவினம் சொல்லுங்கோ.

ஒக்டோபர் 10 உலக உளநல தினம் வந்தா மண்டபத்தில நிகழ்வு வைப்பம். வெளியில இருந்து வளவாளர் வருவார், திரையில படம் போட்டுக் காட்டுவார், மனம்விட்டுக் கதையுங்கோ எண்டு சொல்லுவார், பிள்ளையளும் நல்லாக் கைதட்டுவினம். அதை நான் குறை சொல்லேல்ல, விசயம் காதில விழத்தான் வேணும். உளநலப் பிரச்சினையளில பாதி பதினாலு வயசுக்குள்ளயே தொடங்கிடுது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுறதை அப்பிடி ஒரு நாளிலதான் நானும் முதல் கேட்டன். பதினாலு வயசு எண்டா எங்களுக்குத் தரம் 9. நாங்கள் எல்லாரும் கண்ணை ஓ.எல், ஏ.எல் சோதினை எழுதுற பெரிய வகுப்புப் பிள்ளையளில வைச்சிருக்கிறம், அங்கதான் பயம், அங்கதான் கருத்தரங்கு, ஆனா விசயம் அதுக்கு முந்தியே வீட்டுக்குள்ள வந்து இருந்திட்டுது. ஆனா மண்டபத்தில 600 பிள்ளையளுக்கு நடுவில இருந்து "எனக்கு ஒரு பிரச்சினை" எண்டு கையைத் தூக்கப்போறது ஆர்? அடுத்த நாளும் ஒருத்தரும் வரேல்ல.

ஒரு நாள் சுகாதார ரீச்சர் லீவு, முதலுதவி அறையில என்னை நிக்கச் சொன்னவை. மழை, பிள்ளையளும் பெரிசா வரேல்ல, சும்மா இருக்கேக்க அந்தக் கொப்பியைப் புரட்டினன். புரட்டப் புரட்ட ஒரு பேர் திரும்பத் திரும்ப வருது. தரம் 9 பெடியன் ஒருத்தன். வயித்துக்குத்து, வயித்துக்குத்து, வயித்துக்குத்து. திகதியளைப் பாத்தன், போன்ல கலண்டரை எடுத்து ஒவ்வொண்டாச் சரிபாத்தன், ஏழு தரம் வந்திருக்கிறான், ஏழும் செவ்வாய்க்கிழமை, எல்லாம் காலமை ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில. நேரசூசி பாத்தா அந்த நேரம் சித்திரப்பாடம். கணக்கோ இங்கிலிசோ எண்டா விளங்கும். சித்திரத்துக்குப் பயந்து ஓடுற பிள்ளையை நான் இன்னும் காணேல்ல.

அடுத்த செவ்வாய் ஒன்பதரைக்கு நானே போய் அந்த அறையில இருந்தன். வந்தான். கட்டில்ல இருத்தினன்.

"இண்டைக்கும் நோகுதோ தம்பி?"

"ஓம் ரீச்சர்."

"வீட்டை போனா மாறுமோ?"

தலையை ஆட்டினான். கட்டில் இரும்பில பெயின்ற் பொருக்கு விட்டிருந்தது, அதை நகத்தால உரிச்சு உரிச்சு மடியில போட்டுக்கொண்டு இருந்தான். நானும் ஒண்டும் கேக்காமல் கொஞ்ச நேரம் இருந்தன். பிறகு செவ்வாய்க்கிழமையில வீட்டை என்ன அப்பன் நடக்கிறது எண்டு கேட்டன். இன்னும் ரெண்டு மூண்டு பொருக்கு உரிஞ்சுது.

"பதினொரு மணிக்கு லோன்காரர் வருவினம் ரீச்சர்."

இங்க இருக்கிறவைக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. 2009ல சண்டை முடிஞ்சாப் பிறகு வன்னியிலயும் யாழ்ப்பாணத்திலயும் நுண்கடன் எண்டு வீடு வீடா வந்து பொம்பிளையளைக் குழுவாச் சேத்துக் குடுத்த காசு, கிழமைக்கு ஒருக்காக் கட்டோணும், ஒருத்தி கட்டாட்டி மற்றவை சேந்து கட்டோணும், அதால லோன்காரர் பேசுறது ஒரு பக்கம், பக்கத்து வீட்டு அக்காவே வந்து பேசுறது இன்னொரு பக்கம். கட்டுமட்டும் முத்தத்தில மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு நிப்பினம். தகப்பன் விட்டுட்டுப் போன வீடு. பள்ளிக்கூட லீவுக்க இந்தப் பெடியன் அதை ஒருக்காக் கண்டிருக்கிறான், தாய் கதவுக்குப் பின்னால நிண்டு அழுததையும் கண்டிருக்கிறான். அதுக்குப் பிறகு செவ்வாய்க்கிழமை பதினொண்டுக்குத் தான் அம்மாவோட நிக்கோணும் எண்டு அவன்ர வயிறே முடிவெடுத்திட்டுது. அவன் கள்ளம் அடிக்கேல்ல, இதைப் பிறகு ஸ்ராப் ரூமில எத்தினை பேருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னன் எண்டு தெரியாது. அந்தப் பிள்ளைக்கு உண்மையாவே நொந்தது.

தாயைக் கூப்பிட்டுக் கதைச்சன். "இவன் பள்ளிக்கூடம் போனாப் பிறகுதானே ரீச்சர் அவை வாறவை, இவனுக்குத் தெரியாதெண்டெல்லோ நினைச்சன்" எண்டு சொல்லிப்போட்டு முந்தானையால வாயைப் பொத்தினவ. அவவுக்கு நான் என்ன உளவளத்துணை சொல்லுறது? மூச்சை இழுத்து விடுங்கோ எண்டோ? பிரதேச செயலகத்தில பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறா, அவவிட்ட கூட்டிக்கொண்டு போனன், அவ கதைச்சு, காசு கட்டுற இடத்தை வீட்டில இருந்து மாத்தி, தவணைத் தொகையையும் கொஞ்சம் குறைச்சுக் குடுத்தவ. கடன் அப்பிடியே கிடக்கு. ஆனா முத்தத்தில மோட்டச்சைக்கிள் நிக்கிறேல்ல. பெடியன்ர பேர் கொப்பியில பிறகும் வந்தது, மாதத்தில ஒருக்கா எண்டளவில. வந்தா நான் போய்ப் பக்கத்தில இருப்பன், கனக்கக் கதைக்க மாட்டம்.

இப்ப தரம் 9ல இருக்கிற பிள்ளையள் சண்டை முடிஞ்சாப் பிறகு பிறந்தவை, உவைக்கு என்ன குறை, நாங்கள் பட்ட பாட்டை உவை பட்டவையோ எண்டு பெரியாக்கள் கேக்கினம். என்ர வயசுக்காரர்தான் கூடக் கேக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்து எழும்பி நாவற்குழிப் பாலத்தால நடந்த சனத்துக்குள்ள நானும் ஒருத்தி, எனக்குப் பதினொரு வயசு. தென்மராட்சியில ஒரு பள்ளிக்கூடத்தில பின்னேர நேரத்தில எங்களுக்கு வகுப்பு நடந்தது, ஒவ்வொரு நாளும் எனக்குத் தலையிடி. வெயிலால எண்டு அம்மா சொன்னா. ஒரு ரீச்சர் மட்டும் என்னைத் தன்ர மேசைக்குப் பக்கத்தில வைச்சு வெண்கட்டிப் பெட்டியைப் பாக்கிற வேலை தந்தவ, ஒண்டும் கேக்கேல்ல. அவவின்ர சீலை மணம் இப்பவும் நினைவிருக்கு. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில இங்கயே உளமருத்துவரா இருந்து வேலை செய்தவர், ஒரு ஆளை மட்டும் தனியாப் பிரிச்சுப் பாத்தால் காணாது, குடும்பமும் ஊரும் சேந்து காயப்பட்டுக் கிடக்கு எண்டு அவர் எழுதினதை வாசிக்கேக்க எனக்கு அந்த மேசைதான் வந்தது. பிள்ளை 2010ல பிறந்திருக்கலாம், வளத்த தாய் தேப்பன் எங்கயிருந்து வந்தவை?

இனி நான் விட்ட பிழையையும் சொல்லோணும். வேறொரு பள்ளிக்கூடத்தில, வேலை தொடங்கின புதுசில, ஏ.எல் படிக்கிற பிள்ளை ஒண்டு என்னட்ட வந்து வீட்டு விசயம் சொன்னது, தகப்பனுக்கு வேறொரு குடும்பம் இருக்கெண்டு தெரியவந்து வீட்டில ஒரு மாதமா ஒருத்தரோட ஒருத்தர் கதையில்ல. எவருக்கும் சொல்ல மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு, அந்தப் பிள்ளைக்கு உதவியா இருக்கும் எண்டு நினைச்சு வகுப்பாசிரியருக்குச் சாடையாச் சொன்னன். அவ நல்ல மனுசி. அடுத்த நாள் வகுப்பில எல்லாருக்கும் முன்னால, "இவளுக்கு வீட்டில பிரச்சினை, ஆரும் கரைச்சல் குடுக்காதேங்கோ" எண்டு இரக்கத்தோட சொல்லியிருக்கிறா. அந்தப் பிள்ளை பிறகு என்னோட கதைக்கேல்ல. படியில கண்டாத் திரும்பி மற்றப் பக்கத்தால போகும். பரீட்சை எழுதினது, பாஸ் பண்ணினது, போட்டுது. நான் மன்னிப்புக் கேட்டனான், அது தலையைக் குனிஞ்சு ஓம் ரீச்சர் எண்டு மட்டும் சொன்னது.

அண்டையில இருந்து ஒரு பிள்ளை கதைக்கத் தொடங்க முந்தியே சொல்லிப்போடுவன். நீ சொல்லுறதை நான் வெளியில சொல்ல மாட்டன், ஆனா உன்ர உயிருக்கு ஆபத்து, இல்லாட்டி ஆரோ உன்னை வதைக்கினம் எண்டு தெரிஞ்சா சொல்லத்தான் வேணும், அப்பவும் ஆருக்குச் சொல்லுறன் எண்டு முதல் உனக்குச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன். இதைச் சொன்னா பிள்ளையள் வாயை மூடிடுவினம் எண்டு நினைச்சனான், இல்லை, கூடத்தான் கதைக்கினம். எல்லை எதெண்டு தெரிஞ்சா அதுக்குள்ள நிண்டு கதைக்கலாம்தானே.

அந்த எல்லையைத் தாண்டின விசயம் ஒண்டும் வந்தது. கொஞ்ச நாளா நித்திரை இல்ல, சாப்பாடு இல்ல, கொப்பி புத்தகத்தையெல்லாம் சிநேகிதிக்குக் குடுத்துக்கொண்டு இருந்த ஒரு பிள்ளை. நான் நேராத்தான் கேட்டன், சாகோணும் போல நினைப்பு வாறதோ பிள்ளை எண்டு. ரீச்சர்மாருக்குப் பயிற்சி வைக்கேக்க இந்த இடத்திலதான் எல்லாரும் பின்னுக்கு நிக்கிறவை, கேட்டா இல்லாத எண்ணத்தை நாங்களே குடுத்திடுவம் எண்ட பயம். அப்பிடி நடக்கிறேல்ல. ஆறுதலாக் கேட்டா அந்தப் பாரத்தில பாதியை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைக்குது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை ஓம் எண்டு சொல்லி முதல் தரமா அழுதது. தனிய விடேல்ல, பின்னேரமே தாய் தேப்பனைக் கூப்பிட்டன்.

தேப்பன் கேட்ட முதல் கேள்வி, ரீச்சர் இது பொலிஸ் கேஸ் ஆகுமோ. ஆகாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாப் பாத்த சட்டம் இலங்கையில 1998லயே எடுபட்டுட்டுது, இத்தினை வருசமாகியும் சனம் அந்தப் பயத்திலதான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டுக்க வைச்சிருக்குது. தாய் கேட்ட கேள்வி, நாளைக்குக் கலியாணம் பேசேக்க ஆராவது சொன்னா? முதல்ல கோயில்ல ஒரு நூல் கட்டிப் பாப்பம் ரீச்சர் எண்டா. நூலும் கட்டுங்கோ, நான் மறிக்கேல்ல, ஆனா வியாழக்கிழமை கிளினிக்குக்கும் வாங்கோ எண்டன். தெரிஞ்ச ஆக்களைக் காணக்கூடாதெண்டு கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியை விட்டிட்டு ரெண்டு பஸ் ஏறித் தூரத்துக்குப் போனம், அங்க வாங்கில போய் இருந்தால் எதிர் வாங்கில அவையின்ர ஒழுங்கை மனுசி, தன்ர மகனோட. ரெண்டு தாய்மாரும் ஒருத்தரையொருத்தர் பாத்திட்டுக் கொஞ்ச நேரம் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தவை. பிறகு அந்த மனுசி எழும்பிவந்து பக்கத்தில இருந்து, "எத்தினையாம் நம்பர்?" எண்டு கேட்டா. அண்டைக்கு நான் அங்க செய்ததை விட அந்தக் கேள்வி கூடச் செய்தது.

குளிசை குடுத்தவை. குளிசை போட்ட அடுத்த நாளே சுகம் வரேல்ல எண்டு நிப்பாட்டப் பாத்தினம், அது வேலை செய்யத் தொடங்கவே ரெண்டு மூண்டு கிழமை செல்லும், டொக்டர் சொல்லாமல் நிப்பாட்டக்கூடாது எண்டு கிழமைக்கு ரெண்டு தரம் கோல் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தன். 1926 எண்ட இலக்கத்தையும் வீட்டுக் கலண்டரில எழுதி வைச்சனான், தேசிய மனநல நிறுவனத்தின்ர நம்பர், இரவு பகல் எப்பவும் எடுக்கலாம், தமிழிலயும் கதைக்கலாம். பிள்ளையளை ஆராவது கொடுமைப்படுத்தினா 1929. இந்த ரெண்டையும் இப்ப எல்லா வகுப்புக் கதவிலயும் உள்பக்கமா ஒட்டியிருக்கிறன், வெளியில ஒட்டினா நிண்டு பாத்து எழுத வெக்கப்படுவினம்.

என்ர மேசையையும் மாத்திட்டன். மாடி அறையைக் குடுத்திட்டு முதலுதவி அறைக்குள்ள ஒரு மூலையில தட்டி வைச்சு மறைச்சு இருக்கிறன். அங்க வாறதுக்கு ஒரு பிள்ளையும் காரணம் சொல்லத் தேவையில்ல, தலையிடி எண்டு சொன்னாக் காணும். அதிபருக்கு முதல் விருப்பமில்ல, பிறகு ஒரு தவணை பாப்பம் எண்டு சொன்னவர், இப்ப நாலு தவணை போட்டுது. வகுப்பாசிரியர்மாருக்கு நான் கேட்டது ஒண்டுதான், முதலுதவி அறைக்குப் போகோணும் எண்டு கேக்கிற பிள்ளையை "திரும்பவும் தொடங்கிட்டியோ" எண்டு கேக்காதேங்கோ. சில பேர் விட்டிட்டினம். எனக்குக் கிழமைக்கு இன்னும் இருபது பாடத்துக்கு மேல இருக்கு, ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் இடையில அரைக் கதையில எழும்பி ஓட வேண்டிக்கிடக்கு, அதுதான் பெரிய மனவருத்தம், வலயக் கல்விக் கந்தோருக்கும் எழுதிப்போட்டு இருக்கிறன்.

வெள்ளிக்கிழமை போகேக்க கொப்பியைப் பாத்தன். தரம் 6, புதுப் பேர் ஒண்டு, தலையிடி, இந்த மாதம் மூண்டு தரம், மூண்டும் திங்கட்கிழமை காலமைக் கூட்டம் முடிஞ்ச உடன. கொண்டுவந்து விட்டது சொந்தத் தமையன் எண்டு சுகாதாரக் கழகப் பிள்ளை அடைப்புக்குள்ள எழுதி வைச்சிருக்கு. திங்கள் முதல் பாடம் எனக்கு வகுப்பு இருக்கு, சித்திர ரீச்சரிட்டைச் சொல்லி மாத்திப்போட்டன்.