புல் தின்ற நந்தியிடம் ஒரு நேர்த்தி

மண்முனைத் துறையில் பாலம் வந்த பிறகு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போவது ஒரு பயணமே இல்லை. 2014க்கு முன்னால் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறி, மோட்டார் சைக்கிள்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே நின்றுதான் வாவியைக் கடக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் மனம் கொஞ்சம் அடங்கும். போன திங்கட்கிழமை கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில் வாசலில் இறங்கியபோது எனக்கு மனம் அடங்கியிருக்கவில்லை.

காரணம் என் பெறாமகன். தங்கச்சி கனடா போன பிறகு பிறந்த பிள்ளை, இப்போது அந்த நாட்டு ஆமியில் இருக்கிறான். லட்வியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரஷ்யாவின் எல்லையை ஒட்டிய நாடு. 2017 முதல் அங்கே நேட்டோ படையணி ஒன்றைக் கனடாதான் தலைமை தாங்கி நடத்துகிறது. “நந்தியிட்டச் சொல்லிப்போட்டு வாங்க அக்கா” என்றாள் தங்கச்சி.

வேறு கோயிலைச் சொல்லியிருக்கலாம். இந்த நந்தி எதற்குப் பேர்போனது என்று மட்டக்களப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோயிலை இடிக்க வந்த பறங்கித் (போர்த்துக்கேய) தளபதி “இந்தக் கல்மாடு புல் தின்னுமோ?” என்று நக்கலாகக் கேட்க, நந்தி எழும்பிப் புல்லைத் தின்று, சாணமும் போட்டு, அவனை உதைத்தது என்பது கதை. சிப்பாய்களை விரட்டிய நந்தியிடம் ஒரு சிப்பாய்க்காக நேர்த்தி வைக்க வந்திருக்கிறேன். அதுவும் இங்கிலாந்து மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்துகொடுத்த சிப்பாய். (கனடாவில் அப்படித்தான் சத்தியம் வாங்குவார்களாம்.) பறங்கி வேறு, ஆங்கிலேயன் வேறு, நந்திக்கு அது தெரியாமலா இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். ஐயா பேரும் நட்சத்திரமும் கேட்டார். சொன்னேன். “பிள்ளை என்ன செய்யுது?” என்றார். வாய் வரவில்லை. “வெளிநாட்டில வேலை” என்றேன். மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று பாதிப் பொய். தீபாராதனை காட்டும்போது லிங்கத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. கொக்கட்டி மரத்தில் கோடரி பட்ட இடத்தில் இரத்தம் கசிந்துதான் இந்த ஈசன் வெளிப்பட்டார் என்பார்கள். காயம் பட்டவரிடம் எதை மறைப்பது?

ஏன் வாய் வரவில்லை என்று சொல்ல வேண்டும். கோயிலுக்குப் பக்கத்து ஊர் மகிழடித்தீவு. 1991 ஜூன் 12 அன்று கண்ணிவெடியில் இரண்டு சிப்பாய்கள் செத்தார்கள். அதற்குப் பழிவாங்க இராணுவம் ஊருக்குள் இறங்கியது. செத்தவர்கள் ஊர்க்காரர் சொல்லும் கணக்கில் 152 பேர். ஜனாதிபதி ஆணைக்குழுவும் விசாரித்தது. எங்களுக்குச் சீருடை என்றால் அதுதான். சென்றியில், ஆமியின் காவலரணில், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற நாட்களின் நடுக்கம் இன்னும் முழங்காலில் இருக்கிறது.

பிரகாரம் சுற்றும்போது திடீரென்று ஒரு நினைப்பு. அந்த இரண்டு சிப்பாய்களுக்கும் எங்கோ ஒரு அம்மா விளக்கு வைத்திருப்பாள். முப்பது வருடமாக வராத நினைப்பு. ஏன் வந்தது என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம். 152 பேருடைய கணக்கு அதனால் குறையப்போவதில்லை. ஆனாலும் வந்துவிட்டது, இனித் திருப்பி அனுப்ப முடியாது.

நான் ரீச்சராக இருந்தவள். ‘நாட்டுப்பற்று’ என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுத்து, ‘ற்’ விட்டவர்களுக்குச் சிவப்பு மை அடித்திருக்கிறேன். அந்தச் சொல் எனக்குள்ளே எதையும் அசைத்ததில்லை. தங்கச்சிக்கும் கனடா என்றால் வேலை, பாஸ்போர்ட், அவ்வளவுதான். இப்போது கனடா தினமான ஜூலை முதலாம் தேதி வீட்டு வாசலில் கொடி கட்டுகிறாள், போரில் செத்த சிப்பாய்களை நினைக்கும் நவம்பர் 11க்குச் சட்டையில் பொப்பிப் பூ குத்துகிறாள். சரி, நாட்டுப் பாசம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் விருந்து வீட்டில் யாரோ “ரஷ்யாவுக்கு ஒருக்கா அடிச்சுக் காட்டோணும்” என்றபோது சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டாளாம். “கொடியைப் பாத்தா நெஞ்சு நிறையுது அக்கா. சண்டை எண்டு ஆராவது வாய் திறந்தா வயிறு கலங்குது” என்றாள்.

நந்திக்கு முன்னால் அறுகம்புல் கட்டை வைத்தேன். காதுக்குக் கிட்டக் குனிந்து, ஐயாவிடம் மறைத்ததைச் சொன்னேன். “ஆமிதான். எங்கட பிள்ளைதான். அவன் ஆருடைய வாசலையும் உதைக்காமத் திரும்பி வரோணும்.” பிறகுதான் ‘சுகமாக’ என்று சேர்க்க மறந்தது நினைவு வந்தது. திரும்பக் குனிந்து அதையும் சொன்னேன்.

வெளியே வந்து தங்கச்சிக்குப் போன் போட்டேன். அங்கே நடுச்சாமம், விழித்துத்தான் இருந்தாள்.

“புல் வச்சீங்களா?”

“வச்சன்.”

“திண்டுதா?”

“காத்துக்கு அசைஞ்சிது” என்றேன். அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.