மூன்று தடவை கியர் ஒயில் மாற்றியும் பால் தேத்தண்ணி நிறம்

படகின் பின்னால் கொளுவும் 15 குதிரைவலு அவுட்போட் எஞ்சினுக்குக் கீழ்ப்பெட்டிக் கியர் ஒயில் (புரொப்பலரைச் சுழற்றும் கியர் இருக்கிற, தண்ணீருக்குள் நிற்கும் பெட்டியின் ஒயில்) மாற்றுவது அரை மணி நேர வேலை. பிடிப்பது வெறும் 250 மில்லி லீற்றர். ஒரு லீற்றர் கான் வாங்கினால் நாலு தடவைக்குப் போதும் என்று நினைத்தேன். அதில் முக்கால்வாசி பத்து நாளில் முடிந்தது.

முதல் சிக்கல் கடையில். வயல் பக்கத்துக் கடைகளில் உழவு மெசினுக்குப் போடும் 140ஆம் இலக்கக் கியர் ஒயில்தான் முன்னுக்கு அடுக்கியிருக்கும் (இலக்கம் கூடினால் தடிப்புக் கூட). 90 கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்டுதான் தம்பி, இது கொஞ்சம் தடிப்பு, நல்லாப் பிடிச்சு நிக்கும்" என்று 140ஐ எடுத்து வைத்தார்கள். வாங்கவில்லை. எஞ்சினோடு வந்த கையேட்டில் ஹைப்பொயிட் கியர் ஒயில் எஸ்ஏஈ 90 என்றுதான் இருக்கிறது. சின்னப் பெட்டிக்குள் 140 ஊற்றினால் இண்டு இடுக்கெல்லாம் போய்ச் சேர நேரம் எடுக்கும். இன்னொரு கடையில், 90 இல்லையென்றால் எஞ்சின் ஒயில் 40 போடலாம் என்றார்கள். கியர் ஒயிலின் இலக்கம் வேறு அளவுகோல். தடிப்பில் 90உம் எஞ்சின் ஒயில் 40, 50உம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அது உண்மை. ஆனால் பல்லும் பல்லும் நெரிபடும் இடத்தில் உலோகத்தைக் காக்கிற கந்தகச் சேர்க்கை எஞ்சின் ஒயிலில் இல்லை. மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுகிற அந்த நாற்றம் இருந்தால்தான் கியர் ஒயில்.

ஒயிலை வடிப்பதும் ஏற்றுவதும் தெரிந்த வேலை. இரண்டு எச்சரிக்கை மட்டும். பெட்டியின் மேல் ஓட்டையையும் கீழ் ஓட்டையையும் அடைத்திருக்கிற ஸ்குரூவின் வெட்டுக்குள் இறுக்கமாக நிரம்பி நிற்கிற அகலமான ஸ்குரூ டிரைவரை வைத்து, அதன் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். ஒடுக்கமானதைப் போட்டால் வெட்டு உடைந்து, மறுகா லேத்துக்காரரிடம்தான் போக வேண்டும். மற்றது, மேல் ஓட்டையால் ஊற்றாதீர்கள். காற்று உள்ளே அடைபட்டு, நிரம்பின மாதிரிப் பேய்க்காட்டும். கீழ் ஓட்டையால் மெதுவாக ஏற்றி, மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் ஒயில் வழிந்ததும் முதலில் மேல் ஸ்குரூவை இறுக்கி, பிறகு குழாயை இழுத்துக் கீழ் ஸ்குரூவைப் போட வேண்டும். மேலே அடைத்திருந்தால் கீழே ஒழுகுவது சில துளிதான்.

அப்படித்தான் செய்தேன். மட்டக்களப்புக் களப்பில் பாலமீன்மடுவிலிருந்து முகத்துவாரம் வரை நாலைந்து தடவை போய் வந்து, கீழ் ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தால் பால் தேத்தண்ணி. தண்ணீர் கலந்துவிட்டது. உடனே ஒயிலைத்தான் சந்தேகப்பட்டேன். கடல் எஞ்சினுக்கென்றே விற்கிற விலை கூடிய ஒயில் ஒரு டியூப் வாங்கி ஏற்றினேன். அதுவும் வெள்ளை. வெள்ளையாகாமல் வேறென்ன? அந்த ஒயிலில் தண்ணீரைத் தன்னோடு கலந்து வைத்திருக்கிற சேர்க்கை இருக்கிறது. தண்ணீர் அடியில் தேங்கிப் பல்லைக் கறள் பிடிக்க வைக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. உள்ளே வருகிற தண்ணீரை எந்த ஒயிலும் மறிக்காது. காசு போன பிறகுதான் மண்டையில் ஏறியது.

பார்க்க வேண்டியது வொசரை. இரண்டு ஸ்குரூவிலும் இருந்தது நசுங்கின பழைய வொசர். ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டிய சாமான் அது, ஆனால் எல்லோரும் திருப்பித் திருப்பிப் போடுகிறோம். டவுனில் கிடைக்கவில்லை. ஏறக்குறைய 30 கிலோமீற்றர் வாழைச்சேனைக்குப் போனால், "மொடல் நம்பர் இல்லாம தர ஏலாது" என்று வெறுங்கையோடு அனுப்பினார்கள். கிளாம்பில் ஒட்டியிருக்கும் தகட்டைப் போனில் படம் எடுத்து, பழைய வொசரையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அடுத்த நாள் அந்தப் படத்தைக் காட்டியதும் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தந்தார்கள்.

புது வொசரோடு மூன்றாவது தடவை ஏற்றினேன். வெள்ளை குறைந்தது, ஆனால் போகவில்லை. இதற்குப் பிறகுதான் புரொப்பலரைக் கழற்றினேன். ஷாப்டைச் சுற்றித் தங்கூசி (நைலோன் நூல்), தலைமயிர் மாதிரி ஏழெட்டுச் சுற்று. களப்பில் அறுந்து மிதக்கிற வலைத்துண்டு புரொப்பலருக்குப் பின்னால் நுழைந்து, சூட்டில் இறுகி, ஷாப்டைச் சுற்றித் தண்ணீரை மறிக்கிற ரப்பர் வளையமான ஒயில் சீலின் உதட்டைக் கத்தி மாதிரி வெட்டியிருந்தது. வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சீல் மாற்றுமுன் காற்று அடித்துப் பாருங்கள். ஒயிலை வடித்து, மேல் ஓட்டையில் மீற்றர் பொருத்தின சைக்கிள் பம்பைக் கொளுவி, 10 பிஎஸ்ஐ அளவில் அடித்து, பெட்டியைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கினால் குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. 15ஐத் தாண்டி அடித்தால் நல்ல சீலும் பிதுங்கும். எனக்கு ஷாப்ட் பக்கம் மட்டும் குமிழி வந்தது. கியர் மாற்றும் தண்டிலும் ஒரு சீல் இருக்கிறது, அதையும் விடாமல் பாருங்கள்.

ஷாப்டில் சீல் இரண்டு. உதடு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கழற்றுமுன் படம் எடுத்து வைக்காவிட்டால் பொருத்தும்போது தடுமாற்றம் வரும். உதட்டுக்குக் கிறீஸ் பூசாமல் ஏற்றினால் முதல் சுற்றிலேயே சூடேறித் தேய்ந்துவிடும். சீல் உட்காரும் இடத்தில் ஷாப்டை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் ஒழுகும். நல்ல காலம், என்னுடையது வழுவழுப்பாக இருந்தது.

புரொப்பலரைத் திரும்பப் போடும்போது ஷாப்டின் பல்லுக்குத் தண்ணீருக்குக் கரையாத கிறீஸ் பூசாவிட்டால், உப்பு ஏறி, அடுத்த தடவை சுத்தியல் அடித்தாலும் கழலாது. புரொப்பலர் நட்டுக் கழலாமல் பூட்டுகிற கொட்டர் பின்னும் புதிதாக இருக்கட்டும். வடித்த ஒயிலைக் களப்பில் ஊற்றாதீர்கள். நான் பழைய கானிலேயே அடைத்து வைத்தேன்.

நாலாவது தடவை ஏற்றி 10 மணி நேரம் ஓடிய பிறகு ஒரு துளியை விரலில் எடுத்து டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். தேன் நிறம். 100 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு இனி அந்த ஸ்குரூவைத் தொடுவதாக இல்லை. புரொப்பலரை மட்டும் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கழற்றித் தங்கூசி பார்க்கிறேன்.