புவியியல் செய்முறை நாட்குறிப்பு: எல்லைக்கோடும் எண்களும்

ஜூலை 9

இன்று கோரோப்ளெத், அதாவது ஒவ்வொரு பகுதியின் விகிதத்தையும் நிற அடர்த்தியால் காட்டும் மேப். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மாவட்டவாரி மக்கள் அடர்த்தியை அவுட்லைன் மேப்பில் நிறம் தீட்டிக் காட்டவேண்டும். பென்சிலைத் தொடும் முன் மேப்பில் எத்தனை மாவட்டம் என்று எண்ணிக்கொள்வது நல்லது. இப்போது கடையில் கிடைப்பது 38 மாவட்ட மேப். 2011-இல் இருந்ததோ 32. தென்காசிக்கு அந்த அட்டவணையில் வரியே கிடையாது. ஆகவே தென்காசியைத் திருநெல்வேலியோடும், செங்கல்பட்டைக் காஞ்சிபுரத்தோடும், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் இரண்டையும் வேலூரோடும், கள்ளக்குறிச்சியை விழுப்புரத்தோடும், மயிலாடுதுறையை நாகப்பட்டினத்தோடும் சேர்த்து நடுக்கோட்டை அழித்துவிட வேண்டும். தாலுகா எண்களைக் கூட்டிப் புது மாவட்டத்துக்குக் கணக்குப் போடலாம்தான். ஆனால் தாலுகாக்களும் இடையில் பிரிந்திருப்பதால் கிராம அட்டவணை வரை இறங்க நேரிடும். ரெக்கார்டு நோட்டுக்கு அவ்வளவு வேண்டாம்.

மொத்த மக்கள்தொகைக்கு நிறம் தீட்டக்கூடாது. பெரிய மாவட்டம் பெரிதாக இருப்பதாலேயே கண்ணை இழுக்கும். சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்ற விகிதத்துக்குத்தான் நிறம்.

ஜூலை 11

பாதிப் பேர் வழுக்கும் இடம் வகுப்பு இடைவெளி. அதிகம் சென்னை, 26,553. குறைவு நீலகிரி, 287. வித்தியாசத்தை ஐந்தால் வகுத்தால் ஒரு வகுப்பின் அகலம் ஏறக்குறைய 5,253. முதல் வகுப்பு 5,540-இல் முடிகிறது. சென்னை தவிர்த்த 31 மாவட்டமும் அதற்குள் அடங்கிவிடும். நடு மூன்று வகுப்பும் காலி. மேப் முழுக்க வெளிர் மஞ்சள், வடகிழக்கு ஓரத்தில் ஒரு கரும்புள்ளி. கணக்கு சரி, படம் வீண்.

சென்னைக்குத் தனி வகுப்பு கொடுத்துவிட்டு மற்றவற்றை ஏறுவரிசையில் எழுதி, எண் எங்கே தாவுகிறதோ அங்கே வெட்டலாம். கன்னியாகுமரியும் (1,111) திருவள்ளூரும் (1,098) ஒன்றாக விழும். விளக்கக் குறிப்பில் 1,111-க்குப் பிறகு நேராக 26,553 என்று எழுதவேண்டும். இடையில் ஆளில்லாத வகுப்பை நுழைக்கக்கூடாது. ஒரே நிறம், வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை. வெள்ளை, தகவல் இல்லாத இடத்துக்கு மட்டும்.

நீலகிரியின் 287-க்கு அடியில் ஒரு வரி அவசியம்: காடும் தேயிலைத் தோட்டமும் வகுக்கும் பரப்பில் சேர்ந்தவை. ஊட்டி, குன்னூர் நெரிசல் இந்த எண்ணில் தெரியாது.

ஜூலை 18

எது நகரம்? பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று சட்டப்படி அறிவித்தவை ஒருவகை. சென்சஸ் டவுன் இன்னொரு வகை, சட்டப்படி அறிவிக்காவிட்டாலும் கணக்கெடுப்பில் நகரமாக எண்ணப்படுவது: குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்தவர்) 75 விழுக்காடாவது விவசாயம் அல்லாத வேலையில். மூன்றும் சேர்ந்தே இருக்கவேண்டும். பெண்களின் வேலை இந்தக் கணக்கில் வராது. கேள்வித்தாளில் கேட்காவிட்டாலும் எழுதத் தகுந்த குறை.

கேரளம் 47.7 விழுக்காடு நகரம் என்றதும் தமிழ்நாட்டின் 48.4-ஐப் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒன்றுபோலத்தான் என்று எழுதுகிறார்கள். ஆனால் கேரளத்தில் 2011-இல் சட்டப்படியான நகரம் 59 மட்டும். சென்சஸ் டவுன் 461. இங்கே பேரூராட்சிகள் ஏராளம், ஆகவே சட்டப்படியானவையே அதிகம்.

ஜூலை 25

தரவரிசை-அளவு விதி. முதல் நகரின் மக்கள்தொகையைத் தரவரிசை எண்ணால் வகுத்தால் அந்த இடத்து நகரின் அளவு வரவேண்டும். 2011 நகரத்திரள் (நகரமும் அதை ஒட்டி வளர்ந்த ஊர்களும் சேர்ந்தது) எண்கள் லட்சத்தில்: சென்னை 86.5, கோவை 21.4, மதுரை 14.7, திருச்சி 10.2, திருப்பூர் 9.6, சேலம் 9.2. விதிப்படி கோவை 43 இருக்கவேண்டும், பாதிதான். முதன்மை நகர ஆதிக்கம், அதாவது முதல் நகரம் மற்றவற்றைவிட மிகப் பெரிது என்று இதோடு முடிப்பது வழக்கம். இன்னொரு வரி போட்டால்தான் சுவை. ஒவ்வொரு நகரையும் அதன் தரவரிசையால் பெருக்கினால் கோவை 43, மதுரை 44, திருச்சி 41, திருப்பூர் 48, சேலம் 55. கீழே உள்ளவை தங்களுக்குள் ஓரளவு விதியை ஒட்டியே நிற்கின்றன; சென்னை மட்டும் இரட்டிப்பு.

இதை வரையும் லாக் தாளில் (அளவு பத்துப் பத்து மடங்காக ஏறும் வரைபடத் தாள்) 0 கிடையாது. அச்சு 1-இல் தொடங்கும். 0 போட்டுத் தொடங்கினால் கோடு முழுக்கத் தப்பு.

நகரத்திரள் எண்ணையும் மாநகராட்சி எண்ணையும் கலக்கவே கூடாது. 2011 மாநகராட்சி எல்லைப்படி திருப்பூர் 4.4 லட்சம்தான், சேலத்துக்கும் திருநெல்வேலிக்கும் கீழே போய்விடும். சென்னை 46.5 லட்சமாகச் சுருங்கும், அம்பத்தூர் 4.7 லட்சத்தோடு தனி ஊராகப் பட்டியலில் ஏறும். எந்த எல்லை என்று படத்தின் தலைப்பிலேயே எழுதியிருந்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வு) பாதிக் கேள்வி குறையும்.