பெயர் நீக்கிய பட்டியல்

ஓய்வுபெற்ற அந்த ஆசிரியருக்கு நான் கையளித்த பட்டியல் சட்டத்துக்கு உட்பட்டது என்பதில் எனக்கு அன்றும் ஐயம் இருக்கவில்லை, இன்றும் இல்லை. ஆனால் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டவற்றுக்கு நான் சொன்ன பதில் போதுமானதுதானா என்பதை இவ்வளவு காலம் கழித்தும் என்னால் முடிவுசெய்ய இயலவில்லை. அரசாங்கப் பணம் யாருக்குப் போனது என்பது ஊரறிய இருக்க வேண்டும் என்று மனமார நம்புகிறவன் நான். அதனால்தான் இது என்னை விடாமல் உறுத்துகிறது.

அவருடைய விண்ணப்பம் தெளிவாக இருந்தது. குறித்த ஆண்டுகளில் எங்கள் அலுவலகத்தினூடாகச் சங்கங்களுக்கும், ஆய்வுகளுக்கும், தனியாட்களின் வாழ்வாதாரத்துக்கும் வழங்கப்பட்ட நிதி எவ்வளவு, பெற்றவர் யார், எதற்காக வழங்கப்பட்டது என்று கேட்டிருந்தார். இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஏன் கேட்கிறார் என்பதை அவர் சொல்ல வேண்டியதில்லை, நாங்களும் கேட்கவில்லை. கொடுப்பதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தகவல் அலுவலர் கோப்புகளை என்னிடம் தந்து, எவற்றைக் கொடுக்கலாம் என்று குறிப்பு எழுதச் சொன்னார்.

சங்கங்களின் பகுதி விரைவிலேயே முடிந்தது. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு மதகு, மாதர் சங்கத்துக்குக் கட்டடத் திருத்தம், சனசமூக நிலையத்துக்குக் கூரை என்று, சங்கத்தின் பெயர், தொகை, வேலை முடிந்த திகதி எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எடுத்து வைத்தோம். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. உள்நாட்டு நிதியில் 500,000 ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமாயின், தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே பொறுப்பான அமைச்சர் அதனை மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 9 ஆம் பிரிவு. எங்கள் கோப்புகளில் இருந்த ஒழுங்கை வேலைகள் பலவும் அந்தத் தொகைக்குக் கீழே நின்றன. ஆகவே அவற்றின் விபரம் யாராவது எழுதிக் கேட்டால்தான் வெளியே வரும். மக்கள் நாள்தோறும் நடந்துபோகிற வழியில் கட்டப்படும் மதகுக்கு என்ன செலவானது என்பதை விண்ணப்பம் போட்டுத்தான் அறிய வேண்டும் என்ற நிலையில் எனக்கு உடன்பாடில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று அளவை ஆராய வழங்கப்பட்ட நிதியைப் பற்றி எங்களுக்குள் சிறு வாதம் நடந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத இந்தக் குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பித்தான் வாழ்கிறோம். தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் போய்ச் சேர்வதும் அந்த நீரில்தான். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆய்வுத் தலைப்பு, தொகை ஆகியவற்றோடு ஆய்வாளரின் பெயரையும் தயங்காமல் கொடுக்கலாம் என்றேன். தன் பெயரை எழுதி முன்மொழிவு அனுப்பி நிதி பெற்றவர், அந்தப் பெயரிலேயே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பின்னிணைப்பில் இருந்த கிணற்றுச் சொந்தக்காரர்களின் பெயர்களை மட்டும் நீக்கினோம். அவர்கள் நிதி பெற்றவர்கள் அல்லர், மாதிரி எடுக்க இடங்கொடுத்தவர்கள்.

சிக்கல் வாழ்வாதாரப் பட்டியலில்தான் இருந்தது. பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்குத் தையல் இயந்திரம், ஆடு, கோழிக்கூடு, சிறுகடைக்கான பொருட்கள் என்று வழங்கப்பட்டவை அதில் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தெரிவுக்கான காரணம் என்றொரு நிரல். கணவர் இறந்தவர், கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர், கைவிடப்பட்டவர் என்று ஒரு குடும்பத்தின் முழுத் துயரமும் ஒன்றிரண்டு சொல்லில் பதியப்பட்டிருந்தது. விண்ணப்பம் வந்திருக்கும் செய்தி எப்படியோ பரவி, மாதர் சங்கமொன்றின் செயலாளராக இருந்த அக்கா நேரிலேயே வந்துவிட்டார். “தம்பி, சங்கத்துக்கு வந்த காசை நீங்கள் சந்தியில எழுதி ஒட்டினாலும் எங்களுக்குப் பிரச்சினையில்லை. இந்தப் பிள்ளையளின்ர பேரை மட்டும் குடுத்திடாதேங்கோ. நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசல்ல வந்து நிக்கிறாங்கள். மிசின் கிடைச்சது தெரிஞ்சால் அதைத்தான் முதல்ல கேப்பாங்கள்” என்றார்.

ஒருவருடைய அந்தரங்கத்தில் வேண்டாத தலையீடாக அமையும் தகவலை மறுக்க 5 ஆம் பிரிவு இடமளிக்கிறது. மறுக்கத்தக்கதை நீக்கிவிட்டு மிகுதியைக் கொடுக்கச் சொல்கிறது 6 ஆம் பிரிவு. நானும் அவ்வாறே குறிப்பு எழுதினேன். தகவல் அலுவலர் ஒப்பமிட்டார். பெயர், அடையாள அட்டை இலக்கம், தெரிவுக் காரணம் ஆகிய நிரல்களைக் கறுப்பு மார்க்கரால் நானே பூசினேன். பூசிய தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எழுத்து உள்ளே தெரிந்தது. அதனால் அவற்றை மறுபடி போட்டோப்பிரதி எடுத்து, அந்தப் பிரதியையே அவருக்கென்று வைத்தோம். கிராம அலுவலர் பிரிவும் பொருளும் பெறுமதியும் மட்டுமே அதில் எஞ்சின.

அவர் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டு, நின்றபடியே கடைசித் தாள்வரை பார்த்தார்.

“பேர் இல்லாத பட்டியல்ல ஆரைத் தம்பி நான் கேள்வி கேக்கிறது?”

“தொகையும் பொருளும் இருக்குது, ஐயா. பேர் அவையின்ர தனிப்பட்ட விசயம்.”

“அரசாங்கத்தின்ர அஸ்வெசும உதவிக்காசுக்குப் பேர் ஒட்டினவங்கள்தானே?”

“அது ஆட்சேபனைக்காக, ஐயா. குடுக்க முதல் ஒட்டினது.”

“அப்ப குடுக்க முதல் கேக்கலாம், குடுத்த பிறகு கேக்கக் கூடாதோ?”

இந்த முடிவில் உடன்பாடில்லாவிட்டால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம், அதிலும் திருப்தியில்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம் என்று சொன்னேன். அது சட்டப்படி நான் சொல்லவேண்டியது. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் அல்ல என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

2023 இல் அஸ்வெசுமப் பட்டியல்கள் பகிரங்கமாகக் காட்சிப்படுத்தப்பட்டன. தகுதியிருந்தும் விடுபட்டவர் மேன்முறையீடு செய்யவும், தகுதியற்றவர் சேர்க்கப்பட்டிருந்தால் மற்றவர் ஆட்சேபனை தெரிவிக்கவும் வாய்ப்புத் தரப்பட்டது. சரியானவரைத் தெரிவதற்கு ஊராரின் கண் தேவை என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்ட நடைமுறை அது. அவர் அதை எடுத்துக்காட்டியது நியாயமே. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் வருமானம் குறைந்த குடும்பம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவராது, எங்கள் பட்டியலிலோ திட்டத்தின் தலைப்பே அந்தப் பெண்ணின் நிலையைச் சொல்லிவிடுகிறது என்று எனக்குள் நான் வாதாடுவதுண்டு. தெரிவுக் காரணத்தை மட்டும் நீக்கிப் பெயரை விட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் விடை. ஆய்வாளருக்குத் தன் பெயரால் மதிப்புக் கூடுகிறது. அந்தப் பெண்ணோ இழப்பின் காரணமாகவே பட்டியலுக்குள் வந்தவர். இருவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது சரியாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் மனம் அடங்குவதில்லை. நான் மறைத்தது யாருக்கு? சிறிய கிராமமொன்றில் ‘ஆடு’ என்று ஒரேயொரு வரி இருந்தால், எந்த வீட்டு வளவில் புது ஆடு நிற்கிறது என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். பொருட்களைக் கையளித்ததும் பொது நிகழ்வில்தான். ஊருக்குத் தெரிந்த பெயர், எழுத்தில் ஆதாரம் கேட்டு வந்தவருக்கு மட்டுமே தெரியாமற்போனது. கடன்காரரும் அந்த ஒழுங்கையால்தான் வந்துபோகிறார்கள்.

அக்கா சொன்னதை நான் சந்தேகிக்கவில்லை. கடன் தவணை கட்ட வழியில்லாமல் தவித்த பெண்களை நானும் கண்டிருக்கிறேன். ஆயினும் தெரிவுக் குழுவில் அவரும் இருந்தார். வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் காசு வரும் வீடொன்று அந்தப் பட்டியலுக்குள் நுழைந்திருந்தால், நான் பூசிய மை அதையும் சேர்த்தே மூடியிருக்கும். அப்படியொன்று நடந்தது என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. நடக்கவில்லை என்று காட்ட அந்த ஆசிரியருக்கு நான் எதையும் கொடுக்கவும் இல்லை. பொதுநலன் மேலோங்கினால் அந்தரங்கத் தகவலையும் வெளியிட வேண்டும் என்று 5 ஆம் பிரிவே சொல்கிறது. எது மேலோங்குகிறது என்பதை நிறுத்துப் பார்த்தவன் என் மேசையில் இருந்த நான் ஒருவனே.

அவர் மேன்முறையீடு செய்யவில்லை. செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்ய வேண்டும் என்று விரும்பினேன் என்பதே உண்மை. ஆணைக்குழு ஏதாவதொரு பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அடுத்து வரும் கோப்புகளுக்கு அது வழிகாட்டியாக இருந்திருக்கும். அவர் பேசாமல் இருந்துவிட்டதை என் முடிவை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளச் சக உத்தியோகத்தர்கள் சொல்கிறார்கள். முதுமையும் அலைச்சலும் ஒரு மனிதரை நிறுத்திவிடக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வாண்டு விண்ணப்பப் படிவத்தில், உதவியின் விபரம் பெயருடன் வெளியிடப்படலாம் என்பதற்குச் சம்மதம் கேட்கும் ஒரு வரியைச் சேர்க்குமாறு முன்மொழிந்தேன். சேர்த்தார்கள். படிவம் நிரப்பும் கூட்டத்தில் இளம் தாயொருவர் அந்த வரியில் விரலை வைத்து, “சேர், இதில கையெழுத்து வைக்காட்டி மிசின் வராதோ?” என்று கேட்டார். வரும், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றேன். கேட்டுவிட்டுக் கையெழுத்தும் இட்டார். அன்று வந்திருந்த எல்லோரும் இட்டார்கள். உதவி கேட்டு வந்த இடத்தில் இட்ட அந்தக் கையெழுத்தைச் சம்மதமாகக் கொள்ளலாமா என்று கிளைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டேன். இன்னொரு விண்ணப்பம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். வந்தால் அதற்கும் குறிப்பு எழுத வேண்டியவன் நான்தான். என்ன எழுதுவேன் என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.